ஆளும் சூழலும்: வேலைத்தல முகாமைத்துவத்துக்குச் சமூக உளவியல் தரும் பாடங்கள்

ஒருவர் தனியே வேலை செய்யும்போது நடந்துகொள்ளும் விதமும் பத்துப் பேருடன் சேர்ந்து வேலை செய்யும்போது நடந்துகொள்ளும் விதமும் ஒன்றல்ல. பிறர் பார்க்கிறார்கள் என்ற உணர்வு, உடன் வேலை செய்வோரிடையே நிலவும் எழுதாத கட்டுப்பாடுகள், மேலதிகாரியின் எதிர்பார்ப்பு, ஊதியம் பங்கிடப்படும் முறை ஆகிய எல்லாமே அவருடைய உழைப்பின் அளவையும் தரத்தையும் மாற்றுகின்றன. இந்தத் தாக்கங்களை முறையாக ஆராயும் துறை சமூக உளவியல். 1933இல் ஜேர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் பெயர்ந்த குர்ட் லெவின், மனித நடத்தை என்பது ஆளின் இயல்பும் அவரைச் சூழ்ந்த நிலையும் சேர்ந்து விளைவிப்பது என்று வரையறுத்தார். வேலைத்தலத்தைப் பற்றிப் பிற்காலத்தில் நடந்த ஆய்வுகள் பலவற்றில் இந்தக் கருத்தின் தாக்கம் உண்டு.

வேலை வாங்குவோர் பெரும்பாலும் இதன் முதற்பாதியை மட்டுமே காண்கின்றனர். ஊழியரை நல்லவர், சோம்பேறி, வாய்க்காரர் என்று பிரித்து, நல்லவரைத் தேடுவதும் மற்றவரைக் கண்டிப்பதும் முகாமைத்துவம் என்று எண்ணுகின்றனர். ஆனால் ஆளை மாற்றுவது கடினம். பெரும்பாலும் அது மேலதிகாரியின் கையில் இல்லை. வேலையின் ஏற்பாட்டை மாற்றுவது அவர் கையில் உண்டு. யாழ்ப்பாணத்தின் தீவகத்திலுள்ள வேலணை போன்ற ஊரின் பாடசாலை, பிரதேச செயலகம், வைத்தியசாலை, கூட்டுறவுச் சங்கம், கடை ஆகிய எந்த இடத்துக்கும் இந்த வேறுபாடு பொருந்தும்.

பிழை ஆளிலா, ஏற்பாட்டிலா?

பிறருடைய தவறுக்கு அவர்களின் குணத்தையும், தம்முடைய தவறுக்குச் சூழ்நிலையையும் காரணம் காட்டுவது மனித இயல்பு. சூழலின் பங்கைக் குறைத்து மதித்துக் குணத்தின் பங்கை மிகைப்படுத்தும் இந்தப் போக்கை 1977இல் லீ ரொஸ் அடிப்படையான பிழை என்றே பெயரிட்டு விளக்கினார். வேலைத்தலத்தில் நிகழும் அநீதிகளில் பல இதிலிருந்தே பிறக்கின்றன.

வேலணையிலும் அயல் தீவுகளிலும் பணிபுரியும் ஆசிரியர்களிலும் உத்தியோகத்தர்களிலும் பலர் யாழ்ப்பாண நகரப் பக்கத்திலிருந்து நாள்தோறும் வந்துபோகின்றனர். பண்ணைத் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாகப் பேருந்து வரவேண்டும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போவோர் வேலணையையும் புங்குடுதீவையும் தாண்டிக் குறிகட்டுவானில் படகேற வேண்டும். சோளகம் பலத்து வீசும் காலத்தில் கடல் யாருடைய நேர அட்டவணைக்கும் கட்டுப்படுவதில்லை. வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்த பின் வந்து கையொப்பமிடுபவரைப் பொறுப்பற்றவர் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் பதிவேடு நேரத்தை மட்டுமே காட்டும், காரணத்தைக் காட்டாது.

காரணத்தைக் கண்டறிய ஹரோல்ட் கெலி 1967இல் ஒரு முறையை வகுத்தார். அதை மூன்று கேள்விகளாகச் சுருக்கலாம். அதே நிலையில் உள்ள மற்றவர்களும் அவ்வாறே செய்கிறார்களா? அந்த ஒருவர் மற்ற விடயங்களிலும் அப்படித்தான் நடக்கிறாரா? இது எப்போதும் நிகழ்கிறதா, சில நாள்களில் மட்டுமா? ஒரே பேருந்தில் வரும் அனைவரும் பிந்துகிறார்கள், வந்த பின் வேலையில் குறை இல்லை, காற்று நாள்களில் மட்டுமே பிந்துகிறார்கள் என்றால் பிழை போக்குவரத்தில் இருக்கிறது. அதற்கு மருந்து பேருந்து நேரத்தை மாற்றக் கேட்பதும் முதற்பாடவேளையை வேறுவிதமாக அமைப்பதுமே. ஒருவர் மட்டும், எல்லா நாளும், எல்லா வேலையிலும் பிந்தினால் அவரோடு தனியே பேசவேண்டும். இரண்டு நிலைக்கும் ஒரே விளக்கக் கடிதம் அனுப்பும் நிருவாகம் முதல் நிலையில் நல்ல ஊழியரின் மனத்தை முறிக்கிறது. இரண்டாவதில் நோயைத் தொடாமலே விடுகிறது.

எதிர்பார்ப்பின் தாக்கமும் இதனோடு சேர்ந்தது. 1982இல் டோவ் ஈடன், ஆபிரகாம் ஷானி இருவரும் இஸ்ரேலிய இராணுவப் பயிற்சியொன்றில் ஆய்வு நடத்தினர். குறிப்பிட்ட சிலர் உயர்ந்த திறன் கொண்டவர்கள் என்று பயிற்றுநர்களுக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் அவர்கள் குருட்டுவாக்கில் தெரிவு செய்யப்பட்டவர்கள். பயிற்சி முடிவில் அவர்களே மேலான பெறுபேறு பெற்றனர். பயிற்றுநரின் நம்பிக்கை அவர் கற்பித்த விதத்தில் புகுந்து, கற்றவரிடம் பலனாக வெளிப்பட்டது. எதிர்பார்ப்பு தாழும்போது பலனும் தாழ்கிறது. தீவுப் பகுதிக்கு மாற்றம் என்பதைத் தண்டனைபோல் பேசும் வழக்கம் அதனாலேயே கேடானது. அனுப்பப்படுபவர் நாளை எண்ணிக்கொண்டு வருகிறார். அவரிடமிருந்து அதிபரும் அதிகம் எதிர்பார்ப்பதில்லை. அந்தக் குறைந்த எதிர்பார்ப்பின் விலையை மாணவர் கொடுக்கின்றனர்.

குழுவின் எழுதாத சட்டம்

அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகே வெஸ்டேர்ன் இலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1924 தொடக்கம் 1932 வரை நடந்த ஆய்வுகள் இத்துறையின் முதற்பெரும் நிகழ்ச்சி. வெளிச்சத்தை மாற்றினால் உற்பத்தி மாறுமா என்ற எளிய கேள்வியில் அவை தொடங்கின. கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வாலேயே ஊழியர் நன்றாக உழைத்தனர் என்று அவற்றிலிருந்து பிற்காலத்தார் எடுத்த முடிவைப் பின்வந்த மீளாய்வுகள் கேள்விக்குள்ளாக்கின. ஆனால் அதே தொழிற்சாலையில் 1931 நவம்பர் முதல் 1932 மே வரை பதினான்கு ஆண்களைக் கொண்ட ஓர் அறையில் செய்த அவதானிப்பு இன்றும் வலுவாக நிற்கிறது.

தொலைபேசி இணைப்பு உபகரணங்களுக்குக் கம்பி பொருத்துவது அவர்களின் வேலை. கூடுதலாகச் செய்தால் கூடுதல் ஊதியம் என்பது நிருவாகத்தின் ஏற்பாடு. இருந்தும் அவர்கள் ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று தமக்குள் ஓர் அளவை வைத்திருந்தனர். அதைத் தாண்டியவரைக் கேலி செய்தனர், புயத்தில் குத்தினர். மிகக் குறைவாகச் செய்தவருக்கும் கண்டனம் கிடைத்தது. சக ஊழியரைப் பற்றி மேலாளரிடம் கோள் சொல்வது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. உற்பத்தியைக் கூட்டினால் கூலி வீதம் குறைக்கப்படும், ஆள் நிறுத்தப்படும் என்ற அச்சமே இந்தக் கட்டுப்பாட்டின் வேர்.

ஒவ்வொரு அலுவலகத்திலும் இப்படியோர் எழுதாத சட்டம் உண்டு. மதிய உணவு இடைவேளை எவ்வளவு நீளும், கோப்பு எத்தனை நாள் மேசையில் கிடக்கலாம், புதிதாக வந்தவர் எவ்வளவு ஆர்வம் காட்டலாம் என்பவற்றைச் சுற்றறிக்கையை விட உடனிருப்போரே தீர்மானிக்கின்றனர். புதிய லிகிதர் ஒருவர் முதல் மாதத்தில் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இந்தச் சட்டத்தையே. ஆகவே ஒரு முகாமையாளர் புதியவரை எவருடைய பக்கத்தில் அமர்த்துகிறார் என்பது அவருக்குக் கொடுக்கும் பயிற்சியை விட முக்கியமாகலாம். கட்டுப்பாட்டை உடைக்க விரும்புவோர் முதலில் அதன் பின்னுள்ள அச்சத்தைக் கண்டுபிடித்து நீக்கவேண்டும்.

சொலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட பரிசோதனை இந்த அழுத்தத்தின் வலிமையைக் காட்டியது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய வேலையில், சுற்றியிருந்தோர் அனைவரும் பிழையான விடை சொன்னபோது, பங்கேற்றோரின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அந்தப் பிழைக்கே இசைந்தது. ஆனால் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் இசைவு வெகுவாகக் குறைந்தது. நேர்மையான ஊழியர் ஒருவரைத் தனியே விட்டுவைக்கக் கூடாது. அவருக்கு ஒரு துணையாவது வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் நேரடிப் பாடம்.

சேர்ந்து இழுப்பதும் சோம்பிப் போவதும்

பிரான்சின் வேளாண் பொறியியலாளர் மக்ஸ் ரிங்கல்மான் ஆள்களைக் கொண்டு கயிறு இழுக்கவைத்து அளந்த முடிவுகளை 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரின் இழுப்பும் குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனித்தனியே இழுத்திருந்தால் கிடைக்கக்கூடிய கூட்டு வலுவில் ஏறக்குறைய பாதியே கிடைத்தது. இழப்பு இரண்டு வழியில் நேர்கிறது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுப்பதில்லை என்பது ஒன்று. மற்றவர் இழுப்பார் என்று ஒவ்வொருவரும் சிறிது தளர்வது மற்றது. இரண்டாவதை 1979இல் பிப் லட்டனேயும் அவருடைய தோழர்களும் கைதட்டல், கூச்சலிடல் பரிசோதனைகளால் தனியே பிரித்துக் காட்டினர்.

இந்த இரு சிக்கல்களுக்கும் ஈழத்துக் கரையோர மக்கள் தமக்கேயுரிய விடை கண்டிருந்தனர். வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவுக் கரையிலும் கரைவலை இழுப்போர் இரு வரிசையாக நின்று கயிறு பற்றுவர். அவர்கள் பாடும் அம்பாப் பாட்டு எல்லோருடைய இழுப்பையும் ஒரே கணத்தில் சேர்க்கிறது. பிடிபட்ட மீன் பங்குக் கணக்கில் பிரிவதால் தளர்ந்து இழுத்தவருக்கும் நட்டம் தெரியும். வரிசையில் பக்கத்தில் நிற்பவர் இழுக்கிறாரா, கயிற்றில் கை வைத்திருக்கிறாரா என்பதும் மறைவதில்லை. ஒத்திசைவு, பங்கு, வெளிப்படைத்தன்மை என்ற மூன்றும் ஒரே ஏற்பாட்டில் அமைந்துள்ளன.

அலுவலகக் குழுக்களில் இவை மூன்றும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒரு விழாவுக்குப் பதினைந்து பேரைக் கொண்ட குழு அமைக்கப்படும், இருவர் ஓடியாடுவர், நன்றியுரையில் பதினைந்து பெயரும் வரும். குழுவைச் சிறிதாக்குவது, ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்த பொறுப்புக் கொடுப்பது, செய்ததைக் கூட்டத்தில் அவரையே சொல்லவைப்பது ஆகிய மூன்றும் செலவில்லாத பரிகாரங்கள்.

அகமதாபாத்தின் தறிக்கூடம்

வேலையின் ஏற்பாட்டை மாற்றினால் அதே ஆள்களிடம் என்ன மாற்றம் வரும் என்பதற்குத் தெற்காசியாவிலேயே சிறந்த சான்று உண்டு. 1947இல் விக்ரம் சாராபாய் முயற்சியால் உருவான அகமதாபாத் நெசவாலை ஆராய்ச்சிச் சங்கத்தில் கமலா சௌத்ரி உளவியல் ஆய்வுப் பிரிவை வழிநடத்தினார். ஆலைத் தொழிலாளரின் மனநிலையை அறிவியல் முறையில் ஆராயும் வழக்கம் அந்நகரில் அப்படி வேரூன்றியது. அங்கே சாராபாய் குடும்பத்தின் காலிகோ ஆலைக்கு 1953இல் இலண்டன் தவிஸ்டொக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் அழைக்கப்பட்டார்.

காலிகோவில் அதற்கு முந்தைய ஆண்டில் தானியங்கித் தறிகள் பொருத்தப்பட்டிருந்தன. எந்திரம் புதியது, தொழிலாளர் அனுபவம் மிக்கவர்கள். ஆயினும் எதிர்பார்த்த உற்பத்தியும் வரவில்லை, துணியின் தரமும் உயரவில்லை. ரைஸ் தறிக்கூடத்தின் வேலைப் பங்கீட்டை ஆராய்ந்தார். 224 தறிகளை 29 பேர் பன்னிரண்டு வகை வேலைகளாகப் பிரித்துச் செய்தனர். நெய்பவர் ஒருவர், நூற்கட்டை நிரப்புபவர் வேறொருவர், அறுந்த பாவைச் சீர்செய்பவர் இன்னொருவர். ஒவ்வொரு வகையாருக்கும் ஒப்படைக்கப்பட்ட தறிகளின் எண்ணிக்கை வேறுவேறாக இருந்தது. ஒருவரின் வேலை மற்றவரின் வேலையில் தங்கியிருந்தும் எவரும் எவருக்கும் நிலையான கூட்டாளியாக இல்லை. ஒரு தறி நின்றால் அது யாருடைய பொறுப்பு என்று கேட்கக்கூட வழி இருக்கவில்லை.

அறுபத்து நான்கு தறிகளுக்கு ஏழு பேர் கொண்ட ஒரு குழு என்றும், குழுவுக்குள்ளேயே ஒரு தலைவர் என்றும், அந்தத் தறிகளின் முழுப்பொறுப்பும் குழுவுக்கே என்றும் புதிய ஏற்பாடு முன்வைக்கப்பட்டது. மேலிடம் திட்டத்தை விளக்கியதும் தொழிலாளரே அதைத் தம்முடையதாக எடுத்துக்கொண்டு, யார் யாருடன் சேர்வது என்று தாமே குழுக்களை அமைத்தனர். தொடக்கத் தடுமாற்றங்களுக்குப் பின் உற்பத்தி உயர்ந்தது. பழுதான துணி குறைந்தது. ஆள்களும் தறிகளும் அப்படியே இருக்க, பொறுப்பின் எல்லை மட்டும் மாறியிருந்தது.

1970இல் எரிக் மில்லர் என்ற ஆய்வாளர் மீண்டும் அங்கே சென்று பார்த்தார். ஓரிடத்தில் குழுமுறை பெரும்பாலும் நிலைத்திருந்தது. மற்ற இடங்களில் அது தேய்ந்து பழைய வழிக்குத் திரும்பியிருந்தது. சூழலின் அழுத்தம் மாறும்போது நல்ல ஏற்பாட்டையும் பேணிக்காக்க வேண்டும் என்பதையும் அகமதாபாத் கற்பிக்கிறது.

முடிவில் பங்கு, நடப்பில் நீதி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஈரல், சிறுநீரகம் முதலிய உறுப்பிறைச்சியைச் சமைக்க அமெரிக்கப் பெண்களை இணங்கவைக்கும் முயற்சியில் லெவின் ஈடுபட்டார். விரிவுரை கேட்ட பெண்களில் நூற்றுக்கு 3 பேரே பின்னர் சமைத்தனர். தமக்குள் கலந்து பேசி முடிவெடுத்த குழுக்களில் நூற்றுக்கு 32 பேர் சமைத்தனர். வேர்ஜினியா மாநிலத்தின் ஹார்வுட் ஆடைத் தொழிற்சாலையில் லெஸ்டர் கொச், ஜோன் பிரெஞ்ச் இருவரும் செய்து 1948இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதிசெய்தது. வேலைமுறை மாற்றத்தை மேலிருந்து அறிவித்த பிரிவில் உற்பத்தி வீழ்ந்தது. நாற்பது நாள்களுக்குள் நூற்றுக்கு 17 பேர் விலகினர். மாற்றத்தைத் திட்டமிடுவதில் தாமே பங்குகொண்ட பிரிவுகளில் எவரும் விலகவில்லை. உற்பத்தியும் விரைவில் முன்னைய அளவைத் தாண்டியது.

இலங்கையில் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துடன் தொடங்கிய கூட்டுறவு இயக்கம் யாழ்ப்பாணத்தில் ஆழ வேரூன்றியதற்கு இந்தப் பங்கேற்பே காரணங்களில் ஒன்று. சங்க அங்கத்தவர் பொதுக்கூட்டத்தில் கணக்குக் கேட்கலாம், நிருவாகத்தை மாற்றலாம். பிறருக்காகக் கள்ளிறக்கிய தொழிலாளர் 1970களில் தமது சங்கங்கள் வழியாக விற்பனையைத் தம் கையில் எடுத்தபோது, வருமானத்தோடு சமூக மதிப்பும் சேர்ந்து வந்தது. பொதுக்கூட்டம் வெறும் சடங்காகி, முடிவுகள் முன்கூட்டியே எடுக்கப்படும் சங்கத்தில் அந்தப் பலன் மறைந்துவிடும். போலிப் பங்கேற்பை ஊழியர் விரைவில் இனங்காண்பர்.

நீதி பற்றிய உணர்வும் அவ்வாறே. 1990இல் ஜெரால்ட் கிறீன்பேர்க் வெளியிட்ட ஆய்வில் ஒரு நிறுவனம் தன் இரு தொழிற்சாலைகளில் பத்து வாரங்களுக்குச் சம்பளத்தை நூற்றுக்கு 15 வீதம் குறைத்தது. ஓரிடத்தில் காரணம் முழுமையாகவும் வருத்தத்தோடும் விளக்கப்பட்டது. மற்றதில் சுருக்கமான அறிவிப்பு மட்டும். இரண்டிலும் களவு கூடியது; ஆனால் விளக்கம் கிடைத்த இடத்தில் அது மிகக் குறைவாகவே கூடியது. கொடுக்க முடியாததைக் கொடுக்க முடியாது என்று நேரில் வந்து காரணத்தோடு சொல்வது எந்த மேலதிகாரிக்கும் இயலும். இடமாற்றம், பதவி உயர்வு, மேலதிக நேர வேலை ஆகிய மூன்றிலும் விதி என்ன என்பதை முன்கூட்டியே எல்லோரும் அறியச் செய்தால் மனக்கசப்பில் பெரும்பகுதி நீங்கும்.

மதிப்பும் அச்சமும்

ஏமி எட்மன்ட்சன் 1990களில் அமெரிக்க வைத்தியசாலைகளில் மருந்து வழங்கலில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்கு வழிநடத்தப்பட்ட பிரிவுகளிலேயே கூடுதலான தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறைச் சொல்ல ஊழியர் அஞ்சவில்லை என்பதே காரணம். மற்றப் பிரிவுகளில் தவறுகள் ஒளிக்கப்பட்டன. தவறே பதிவாகாத பிரிவைப் பாராட்டும் அதிகாரி, ஒளிப்பதைப் பாராட்டுகிறார்.

மேலதிகாரி முன் அமர்ந்து பேசக்கூடத் தயங்கும் சமூகத்தில் இது மேலும் கூர்மையாகிறது. தாதியோ சாரதியோ அலுவலக உதவியாளரோ கண்ட குறையைச் சொல்லாமல் விடுவது மரியாதையாகக் கருதப்படுகிறது. இதற்கு மேனாட்டுச் சமத்துவத்தை அப்படியே கொண்டுவருவது ஒரே வழியல்ல. பட்னாவில் பணியாற்றிய உளவியலாளர் ஜே. பி. பி. சின்ஹா இந்திய நிறுவனங்களை ஆராய்ந்து 1980இல் வேறொரு தலைமைப் போக்கை விவரித்தார். ஊழியரிடம் மூத்த உறவினரின் அக்கறையைக் காட்டி, வேலையில் கண்டிப்பாக இருந்து, அவர்கள் தேறத்தேற முடிவெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதே அது. அன்பு உண்டு, அது வேலையோடு இணைந்தது. அதிகாரம் உண்டு, அது படிப்படியாகக் கைமாறுகிறது. இந்தக் கடைசிப் படி நிகழாவிட்டால் அக்கறை வெறும் ஆதிக்கமாக உறைந்துவிடும்.

எம்மவர், பிறர்

தீவகத்தவர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் நடத்திய கடைகள் ஊரிலிருந்தே பொடியன்களைச் சேர்த்தன. ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி, தொழில் பழகி, பின்னர் தாமே முதலாளிகளானோர் பலர். எழுத்து ஒப்பந்தம் இல்லாத அந்த நம்பிக்கைக்கு உறவும் ஊர்ப்பெயரும் பிணை. முறைகேடு செய்தவரின் பெயர் ஊருக்குப் போய்ச் சேரும் என்பதே கட்டுப்பாடு.

இந்தப் பிணைப்புக்கு மறுபக்கமும் உண்டு. ஹென்றி தஜ்ஃபெல்லும் அவருடைய குழுவினரும் 1971இல் வெளியிட்ட பரிசோதனைகள், அற்பமான காரணத்தால் பிரிக்கப்பட்ட குழுக்களிலும் ஆள்கள் தம் பக்கத்தாருக்கே கூடுதலாகக் கொடுப்பதைக் காட்டின. அற்பப் பிரிவே இவ்வளவு செய்யுமானால் சாதி, ஊர், சமயம், பாடசாலை என்ற பிரிவுகள் ஆள்சேர்ப்பிலும் பதவி உயர்விலும் செய்வதைக் கணிக்கலாம். இதைத் தடுக்க நல்லெண்ணம் மட்டும் போதாது. தகுதிக்கான அளவுகோலை விண்ணப்பங்களைப் பார்க்குமுன் எழுதிவைப்பது, ஒருவருக்கு மேற்பட்டோர் தனித்தனியே புள்ளியிடுவது ஆகிய ஏற்பாடுகள் வேண்டும். பிளவுபட்ட ஊழியரை ஒன்றுசேர்க்க, முஸஃபர் ஷெரீஃப் 1954இல் ஒக்லஹோமாவில் சிறுவர் முகாமொன்றில் காட்டியதுபோல், இரு தரப்பும் சேர்ந்தால் மட்டுமே முடியும் பொதுவேலையைக் கொடுப்பது பயன்தரும். வெறுமனே ஒரே விருந்தில் அமர்த்துவது பலன் தரவில்லை என்பதும் அதே முகாமில் தெரிந்தது.

எல்லைகள்

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மேலை நாடுகளில், குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட ஆள்களிடம் செய்யப்பட்டவை. அவற்றின் எண்கள் வேலணைக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. பொருந்துவது அவற்றின் கேள்வி கேட்கும் முறை. ஒரு மாற்றத்தைச் சிறிய அளவில் செய்து, முன்னும் பின்னும் அளந்து, பலனில்லையென்றால் விட்டுவிடும் துணிவு எந்தப் பாடசாலைக்கும் சங்கத்துக்கும் இயலும்.

இன்னொரு எல்லை அறம் சார்ந்தது. மனிதரின் இயல்பை அறிந்து அவர்களைச் சுரண்டவும் முடியும். பாராட்டைச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுப்பதும், கலந்துரையாடலைக் காட்டி முன்னரே எடுத்த முடிவைத் திணிப்பதும் அத்தகையவை. எந்த உத்தியையும் ஊழியரிடமே வெளிப்படையாக விளக்க முடியுமா என்பதே அதன் நேர்மைக்கான சோதனை. விளக்க முடியாத உத்தியைக் கைவிட வேண்டும்.

தீவகத்தின் அலுவலகங்களையும் பாடசாலைகளையும் சங்கங்களையும் நடத்துவோர், ஓர் ஊழியர்மீது குற்றப்பத்திரம் எழுதுமுன் அவர் வேலை செய்யும் ஏற்பாட்டை ஒருமுறை பரிசீலிக்க வேண்டும். அந்த ஏற்பாட்டை அமைத்தவர்களும் அவர்களே; அதைத் திருத்தும் கடமையும் அவர்களுடையதே.